பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களை மேடையில் ஏற்றினால் நீரிழிவு, இரத்த அழுத்தம், உணவுக் கட்டுப்பாடு என்று தொடங்கிவிடுவார்கள் என்ற பயம் சபையில் இருப்பது எங்களுக்குத் தெரியும். மதிய உணவு காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பாவத்தை நாங்கள் செய்யப்போவதில்லை. வீட்டுச் செலவு பற்றி ஒவ்வொரு துறையினரும் ஒரு விடயத்தை எடுத்துப் பேசவேண்டும் என்று சங்கம் கேட்டபோது, நாங்கள் தெரிந்தெடுத்தது பிள்ளைகளின் வீடியோ கேம் பொறிகளை. அவற்றின் விலை எப்படி வைக்கப்படுகிறது, அந்தப் பெட்டிக்குள் எந்த விளையாட்டு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது, அதனால் விற்பனை எப்படி ஏறி இறங்குகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

இது எங்களுக்கு ஏன் என்று சிலர் நினைக்கலாம். எங்களோடு படித்தவர்களில் பலர் இன்று பதின்ம வயதுப் பிள்ளைகளின் தாய்மார். கொக்குவிலில் இருந்தாலும் ஸ்காபரோவில் இருந்தாலும் மார்கழி மாதம் வந்தால் ஒரே கேள்விதான்: "அம்மா, எனக்கு எப்ப வாங்கித் தருவீங்கள்?" வெளிநாட்டில் இருக்கும் பெரியம்மா விடுமுறைக்கு வரும்போது பயணப் பெட்டியில் ஒன்றைக் கொண்டுவருவதும் உண்டு. வாங்குகிறவரும் பெரும்பாலும் பெண், பிறகு அதற்குச் செலவழிக்கிறவரும் பெண். ஆகவே இந்த வியாபாரத்தின் கணக்கைப் பெண்கள் அறிந்திருப்பது நல்லது.

மூத்த அக்காமாருக்காக ஒரு சிறு விளக்கம். கொன்சோல் என்பது தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் பொறி. கையில் வைத்தே விளையாடும் சிறிய வகையும் உண்டு. பொறி மட்டும் இருந்தால் ஒன்றும் நடக்காது. விளையாட்டுகளைத் தனித்தனியாக வாங்கவேண்டும். நின்டென்டோ, சோனி, மைக்ரோசொப்ட் ஆகிய மூன்றுமே இன்று இதில் பெரிய கொம்பனிகள்.

இந்தக் கொம்பனிகளுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். பொறியை விற்பதில் இலாபம் மிகச் சிறிது. சில வேளைகளில் நட்டத்துக்கே விற்கிறார்கள். உண்மையான வருமானம் அதற்குப் பிறகு வாங்கப்படும் விளையாட்டுகளில் இருக்கிறது. வேறொரு நிறுவனம் தயாரித்த விளையாட்டை அந்தப் பொறியின் இணையக் கடையில் நாங்கள் வாங்கினாலும், விலையில் ஏறத்தாழ 30 சதவீதம் பொறி செய்த கொம்பனிக்குப் போகிறது. யானையை மலிவாகக் கொடுத்துவிட்டு அங்குசத்திலும் தீனியிலும் காசு பார்க்கும் வியாபாரம் என்று சொல்லலாம். சவரக் கைபிடியும் அலகும், அச்சுப்பொறியும் மையும் இதே வகைதான்.

அப்படியானால் யானையை வீட்டு வாசல்வரை கொண்டுவருவதே அவர்களுக்கு முதல் வேலை. அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, பொறியின் விலையைக் குறைப்பது. மற்றது, எல்லோரும் ஆசைப்படும் ஒரு விளையாட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுப்பது. வணிகம் படித்த தங்கைமார் இதைத் தொகுப்பு விற்பனை என்று அறிந்திருப்பீர்கள்.

பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் பழையது. அமெரிக்காவில் 1977இல் அட்டாரி தன் பொறியை ஏறத்தாழ 200 டொலருக்கு விற்பனைக்கு விட்டபோது 'கொம்பட்' என்ற விளையாட்டும் இரண்டு கைபிடிகளும் உள்ளே இருந்தன. இரண்டு பேர் எதிரெதிராக விளையாடும் விளையாட்டு அது. வீட்டுக்குக் கொண்டுபோன அன்றே அண்ணனும் தம்பியும் விளையாடத் தொடங்கலாம். வாங்கியது வீண் என்ற எண்ணம் முதல் நாளே வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த வித்தையின் மிக அழகான உதாரணம் 1989இல் வந்த நின்டென்டோவின் கேம் போய். அதே ஆண்டில் அட்டாரியும் லிங்ஸ் என்ற கையடக்கப் பொறியைக் கொண்டுவந்தது. லிங்ஸின் திரை வண்ணத் திரை. விலை ஏறத்தாழ 180 டொலர். கேம் போயின் திரையில் பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு மங்கல் நிறமே இருந்தது. ஆனால் அதன் விலை 90 டொலரிலும் சற்றுக் குறைவு. நான்கு சிறிய பற்றரிகளோடு நெடுநேரம் ஓடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வண்ணத் திரைதான் வெல்லும் என்று யாரும் சொல்வார்கள். வென்றது மங்கல் திரை.

விலை ஒரு காரணம். மற்றக் காரணம் பெட்டிக்குள் இருந்தது. மொஸ்கோவில் 1984இல் அலெக்சி பஜித்னோவ் என்ற கணினி ஆய்வாளர் உருவாக்கிய 'டெட்ரிஸ்' விளையாட்டை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கேம் போயோடு சேர்த்தே விற்றார்கள். முதலில் நின்டென்டோவின் எண்ணம் தன் புகழ்பெற்ற மரியோவை உள்ளே வைப்பதாகவே இருந்தது. டெட்ரிஸின் உரிமைக்காக அலைந்த ஹென்க் ரொஜர்ஸ் என்பவர் அமெரிக்க நின்டென்டோவின் தலைவர் மினோரு அரகாவாவிடம் ஒரு வாதத்தை முன்வைத்தார். சிறுவர்கள் வாங்கினால் போதுமென்றால் மரியோவை வையுங்கள், எல்லோரும் வாங்கவேண்டுமென்றால் டெட்ரிஸை வையுங்கள் என்பதே அதன் சாரம். அரகாவா ஏற்றுக்கொண்டார். விழும் கட்டைகளை அடுக்குவதற்கு வயதும் இல்லை, பால் வேறுபாடும் இல்லை, மொழியும் தேவையில்லை. பிள்ளைக்கு வாங்கிய பொறியை அம்மாவும் எடுத்து விளையாடினார். பின்னர் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்தால் கேம் போய் 11 கோடி 80 இலட்சத்துக்கும் அதிகமாக விற்றது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். உள்ளே வைத்த விளையாட்டு வெறும் இனாம் அல்ல. இந்தப் பொறி யாருக்கானது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. பெட்டிக்குள் எதை வைக்கிறோமோ அதைப் பொறுத்தே கதவைத் தட்டிக்கொண்டு வருபவர் யார் என்பது முடிவாகிறது.

விலையையும் பெட்டியையும் ஒன்றாக அசைத்தவர் டொம் கலின்ஸ்கி. மட்டெல் கொம்பனியில் பார்பி பொம்மையின் விற்பனையைத் தூக்கி நிறுத்தியவர் என்று பெயரெடுத்த இவர் 1990இல் அமெரிக்க சேகாவின் பொறுப்பை ஏற்றார். சேகாவின் ஜெனசிஸ் பொறி அப்போது 189 டொலருக்கு, 'ஓல்டர்ட் பீஸ்ட்' என்ற விளையாட்டோடு விற்கப்பட்டது. கலின்ஸ்கி சொன்ன யோசனை: விலையை 149 டொலராகக் குறைப்போம், உள்ளே இருக்கும் பழைய விளையாட்டை எடுத்துவிட்டு எங்களிடம் உள்ள ஆகச் சிறந்த புதிய விளையாட்டான 'சொனிக்'கை வைப்போம். ஜப்பானில் இருந்த சேகா நிர்வாகிகளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. தனியாக விற்றால் நல்ல காசு வரும் விளையாட்டை ஏன் சும்மா கொடுக்கவேண்டும்? ஆனாலும் தலைவர் நாகயாமா அனுமதித்தார். 1991இல் நின்டென்டோவின் புதிய பொறி 199 டொலருக்கு மரியோவோடு கடைக்கு வந்தபோது, சேகா 50 டொலர் மலிவாகச் சொனிக்கோடு நின்றது. அதுவரை அமெரிக்கச் சந்தையைத் தனியே ஆண்ட நின்டென்டோவுக்கு முதன்முறையாக ஒரு சரிசமமான போட்டியாளர் கிடைத்தார்.

விலை மட்டுமே பேசிய நாளும் ஒன்று உண்டு. 1995 மே மாதம் லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்த கண்காட்சியில் சேகா தன் சற்றேர்ன் பொறியை 399 டொலருக்கு அறிவித்தது. அன்றே சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி "299" என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். உரை அவ்வளவுதான். (எங்கள் உரையும் அப்படி முடிந்தால் நல்லது என்று பின்வரிசையில் யாரோ நினைப்பது கேட்கிறது.) முதலாவது பிளேஸ்டேஷன் உலகெங்கும் 10 கோடியைத் தாண்டியது. சற்றேர்ன் ஒரு கோடியைக்கூடத் தொடவில்லை. விலை மட்டும் இதற்குக் காரணம் அல்ல, விளையாட்டுகள் தயாரிப்பவர்கள் சோனியின் பக்கம் சாய்ந்ததும் காரணம். ஆனால் அவர்கள் சாய்ந்ததற்கும் விலை ஒரு காரணம். பொறி பரவும் இடத்துக்குத்தான் விளையாட்டும் வரும்.

வென்றவர் பாடத்தை மறந்துவிடுவதும் உண்டு. அதே சோனி 2006இல் பிளேஸ்டேஷன் 3ஐ 499, 599 டொலர் என்று இரண்டு விலைகளில் கொண்டுவந்தது. உள்ளே புளூ-ரே இருந்தது, வலிமையான கணினி மூளை இருந்தது. அந்த விலைக்கு விற்றும் சோனிக்கு ஒவ்வொரு பொறியிலும் நட்டம். அதே நவம்பரில் நின்டென்டோவின் வீ, அமெரிக்காவில் 249 டொலர் 99 சதத்துக்கு வந்தது. உள்ளே 'வீ ஸ்போர்ட்ஸ்'. டெனிஸ், பேஸ்போல், போலிங், கொல்ஃப், குத்துச்சண்டை. பொத்தான்களை மனனம் செய்யத் தேவையில்லை, கையை வீசினால் போதும். வீ ஸ்போர்ட்ஸை இனாமாகக் கொடுப்பதற்கு ஜப்பானியத் தலைமை இலகுவில் சம்மதிக்கவில்லை என்றும், வாதாடித்தான் சம்மதம் பெற்றதாகவும் அமெரிக்க நின்டென்டோவின் தலைவராக இருந்த ரெஜி பில்ஸ்-எமே தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். ஜப்பானில் அதைத் தனியாகவே விற்றார்கள். வீ 10 கோடிக்கும் மேல் விற்றது. தாத்தாவும் பாட்டியும் முதியோர் இல்லங்களும் அந்தப் பொறிக்கு வாடிக்கையாளரானார்கள். சோனி 2009இல் விலையை 299 டொலருக்கு இறக்கிய பிறகே பிளேஸ்டேஷன் 3 மூச்சு விட்டது.

நின்டென்டோவும் வழுக்கியிருக்கிறது. 2011இல் 3டிஎஸ் கையடக்கப் பொறியை 249 டொலர் 99 சதத்துக்கு விற்கத் தொடங்கி, விற்பனை படுத்ததும் ஐந்தே மாதத்தில் 169 டொலர் 99 சதத்துக்கு இறக்கினார்கள். தலைவர் சடோரு இவாடா தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். முதலில் முழு விலை கொடுத்து ஏமாந்தவர்களுக்கு 20 பழைய விளையாட்டுகளை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். ஆண்டு இறுதியில் நல்ல மரியோ விளையாட்டுகளும் வந்தபின் பொறி நிமிர்ந்து, கடைசியில் ஏழரைக் கோடியைத் தாண்டியது. விலையைக் குறைத்தால் கதவு திறக்கும், ஆனால் உள்ளே வந்தவர் இருப்பதற்கு நல்ல விளையாட்டு வேண்டும்.

சேர்த்துக் கொடுப்பது எப்போதும் பலிக்கும் என்றும் எண்ணவேண்டாம். மைக்ரோசொப்ட் 2013இல் எக்ஸ்பொக்ஸ் வன் பொறியோடு கினெக்ட் என்ற கமெராவைக் கட்டாயமாகச் சேர்த்து 499 டொலருக்கு விற்றது. சோனியின் பொறி 399. அந்தக் கமெரா வேண்டாதவர்களும் அதற்குக் காசு கொடுக்கவேண்டியிருந்தது. 2014 ஜூனில் கமெராவை எடுத்துவிட்டு 399க்குக் கொடுத்தபோது, அமெரிக்காவில் அந்த மாத விற்பனை முந்தின மாதத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமானதாக மைக்ரோசொப்டே அறிவித்தது.

திமோதி டெர்டெங்கர், விநீத் குமார் என்ற இரு ஆய்வாளர்கள் நின்டென்டோவின் கையடக்கப் பொறிகளின் விற்பனையை ஆராய்ந்து வெளியிட்ட முடிவும் இதோடு ஒத்துப்போகிறது. சேர்த்தும் விற்று, தனியாகவும் விற்றால் விற்பனை கூடும். சேர்த்து மட்டுமே விற்றால் குறையும். தெரிவு வாங்குபவரின் கையில் இருக்கவேண்டும் என்பதை வியாபாரக் கணக்கே சொல்கிறது.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். முன்பெல்லாம் பொறி பழசாக ஆக விலை இறங்கும். பொறுத்திருந்தால் மலிவாக வாங்கலாம் என்று பிள்ளைகளைச் சமாளிக்க முடிந்தது. இப்போது அது தலைகீழாகிவிட்டது. 2020இல் 499 டொலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2025 ஓகஸ்டில் அமெரிக்காவில் 549 ஆனது. தட்டு போடும் வசதி இல்லாத வகை 399இல் தொடங்கி 499க்கு ஏறியது.

அந்தத் தட்டில்லா வகையைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்தில் அது 100 டொலர் மலிவு. ஆனால் தட்டு இல்லையென்றால் விளையாட்டைக் கொம்பனியின் இணையக் கடையில் மட்டுமே வாங்கலாம். பழைய தட்டை அரைவிலைக்கு வாங்க முடியாது, விளையாடி முடித்ததை விற்க முடியாது, மச்சாள் வீட்டுப் பிள்ளையோடு மாற்றிக்கொள்ளவும் முடியாது. பெட்டியில் மிச்சம் பிடித்த 100 டொலரும் இரண்டு மூன்று விளையாட்டிலேயே போய்விடும்.

நின்டென்டோவின் ஸ்விட்ச் 2 அமெரிக்காவில் 2025 ஜூனில் வந்தபோது பொறி 449 டொலர் 99 சதம். 'மரியோ கார்ட் வேர்ல்ட்' விளையாட்டோடு 499 டொலர் 99 சதம். அந்த விளையாட்டைத் தனியாக வாங்கினால் 79 டொலர் 99 சதம். ஆகவே அப்போது சேர்த்து வாங்கியவர்களுக்கு 30 டொலர் மிச்சம். இது உண்மையான மிச்சம்தான், அந்த விளையாட்டு பிள்ளைக்கு வேண்டியதாக இருந்தால். வேண்டாததாக இருந்தால் அது 50 டொலர் நட்டம்.

ஒரு கணக்குப் போடுவோம். பொறி 450 டொலர். ஆண்டுக்கு நான்கு விளையாட்டு, ஒன்று 70 டொலர் என்று வைத்தால் மூன்று ஆண்டுக்கு 840. நண்பர்களோடு இணையத்தில் விளையாட ஆண்டுச் சந்தா 20 டொலர் வீதம் 60. மொத்தம் 1350. பெட்டியில் ஒட்டியிருக்கும் விலை உண்மைச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த ஒரு பங்கைத்தான் கடைக்காரர் பெரிய எழுத்தில் போடுகிறார்.

இதைச் சொல்லும்போது எங்கள் தொழில் நினைவுக்கு வராமல் போகாது. இரத்தச் சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீற்றரை மலிவாகவோ அன்பளிப்பாகவோ பெற்றுக்கொண்ட நோயாளர் பலர் எங்களிடம் வருகிறார்கள். முதல் மாதம் கொப்பி நிறைய எண்கள் இருக்கும். மூன்றாம் மாதம் பக்கம் வெறுமை. கருவி பழுதா என்று கேட்டால், "இல்லை டொக்டர், ஸ்ரிப் முடிஞ்சுது" என்பார்கள். அந்தக் கருவிக்கு அதற்குரிய ஸ்ரிப்தான் பொருந்தும், வேறு மலிவானதை வாங்கிப் போடவும் முடியாது. ஓய்வூதியத்தில் வாழும் ஓர் அம்மாவிடம் இதற்குமேல் என்ன கேட்பது? (நீரிழிவைத் தொடமாட்டோம் என்று சொன்னோம், மன்னிக்கவும்.) கேம் பொறி வாங்காமல் விட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஸ்ரிப் வாங்காமல் விட்டால் காலும் கண்ணும் போகும். வியாபாரத்தின் அமைப்பு இரண்டிலும் ஒன்றே என்பதால்தான் இதை இங்கே எடுத்தோம்.

வீ பொறி எங்கள் துறைக்கும் வந்தது. பக்கவாதத்தால் கை தளர்ந்தவர்களுக்கு அதை விளையாடக் கொடுத்தால் குணம் கூடுமா என்று உலகின் பல இடங்களில் முயன்றார்கள். ரொறன்ரோவைச் சேர்ந்த நரம்பியல் வைத்தியர் குஸ்தாவோ சபோஸ்னிக் தலைமையில் நான்கு நாடுகளில் 141 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2016இல் 'லான்செட் நியூரோலஜி' சஞ்சிகையில் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வீ. மற்றவர்களுக்குக் கடதாசி விளையாட்டு, பிங்கோ, கட்டை அடுக்குவது, பந்து. இரண்டு பகுதியினரும் ஒரே அளவில்தான் தேறினார்கள். வீ வீண் என்று இதற்குப் பொருளல்ல. விடாமல் கையை அசைத்ததுதான் பலன் தந்தது, அதை ஒரு சீட்டுக்கட்டும் செய்தது. பிள்ளைக்கு வேண்டியது விளையாட்டா, பொறியா என்று வீட்டிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

விளையாட்டுப் பொறி வாங்கவேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எங்கள் வீடுகளிலும் இருக்கிறது, நாங்களும் விளையாடுகிறோம். வாங்கும்போது மூன்று விடயங்களைக் கேளுங்கள். உள்ளே இருக்கும் விளையாட்டு எங்கள் பிள்ளைக்கு வேண்டியதா? அடுத்த மூன்று ஆண்டுச் செலவு எவ்வளவு? விளையாடி முடித்ததை மாற்றவோ விற்கவோ முடியுமா?

வெளிநாட்டில் வாழும் அக்காமாருக்கும் தோழியருக்கும் ஒரு தனி வேண்டுகோள். ஊருக்குப் பொறி அனுப்பும்போது தட்டுப் போடக்கூடிய வகையாகப் பார்த்து அனுப்புங்கள். பிள்ளையிடம் கேட்டு இரண்டு விளையாட்டுகளையும், கூடப் பிறந்தவர் சேர்ந்து விளையாட இன்னொரு கைபிடியையும் அதே பெட்டியில் வையுங்கள். அடுத்த விளையாட்டை யார் வாங்குவது என்பதை அந்தப் பிள்ளையின் தாயோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இங்கே மாதச் சம்பளத்தில் வாழும் உங்கள் தங்கை, அன்பாக வந்த பரிசுக்குக் கடனாளி ஆகக்கூடாது. அவள் வாய்திறந்து உங்களிடம் சொல்லவும் மாட்டாள். நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம்.

இங்கே கற்கும் தங்கைமாரே, வணிகமும் பொருளியலும் படிப்பவர்கள் இந்தப் பெட்டிகளைப் பாடப்புத்தகமாக எடுத்துக்கொள்ளுங்கள். விலையை யார் வைக்கிறார்கள், ஏன் அப்படி வைக்கிறார்கள் என்று கேட்கும் பழக்கம் ஒன்று வந்துவிட்டால், நாளை வீட்டுக் கடன், காப்புறுதி, மருத்துவப் பொதி என்று எதை நீட்டினாலும் நீங்கள் தடுமாறமாட்டீர்கள். கேள்வி கேட்பவளைத் தண்டிக்காத வகுப்பறைகள் எங்களுக்கு இங்கே கிடைத்தன. அதற்கு எங்கள் ஆசிரியைகளுக்கு என்றும் நன்றியுடையோம்.

நூறு ஆண்டு கண்ட எமது கல்லூரித் தாய் இன்னும் பல நூறு ஆண்டுகள் வாழ்க.